வந்த நோக்கம்: கீரை பிடுங்க

சென்ற மாதம் கிளிநொச்சியில் ஒரு குளிரூட்டிய மண்டபத்தில் நகர்ப்புற விவசாயம் பற்றிய பயிற்சிப் பட்டறை நடந்தது. ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் என்ற வகையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் "அனுபவப் பகிர்வு: பதினைந்து நிமிடம்" என்று போட்டிருந்தது. எனக்கு முன்னால் பேசியவர் நேரத்தை மிஞ்சிவிட்டதால் ஏழு நிமிடம்தான் கிடைத்தது. முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தை ஏழு நிமிடத்தில் சொல்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. நடந்ததை விட்டுவிட்டு, அறிக்கையில் எழுதியதை மட்டும் சொன்னால் நேரம் மிஞ்சக்கூடச் செய்யும்.

கடைசியில் இளம் உத்தியோகத்தர் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மிஸ், உங்கட சேவைக்காலத்தில நல்ல வெற்றியா வந்த தோட்டம் எது?"

நான் ஒரு பாடசாலைத் தோட்டத்தைச் சொன்னேன். கை தட்டினார்கள். அந்தத் தோட்டம் அடுத்த விடுமுறைக்குள் காய்ந்து கருவாடாகிப் போனதைச் சொல்ல நேரம் இருக்கவில்லை. உண்மையான பதிலுக்கு ஏழு நிமிடம் போதாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தோட்டம் இருக்கிற இடத்தின் பெயரை எழுதவேயில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விவசாயப் பாடசாலையில் இரண்டு வருடம் படித்தேன். அதில் ஒரு தவணை முழுக்க உருளைக்கிழங்கின் நோய்கள். முதல் நியமனம் நெடுங்கேணி. அங்கே என்னிடம் வந்த கமக்காரர்கள் யானையைப் பற்றித்தான் கேட்டார்கள். எங்கள் பாடத்திட்டத்தில் யானை இருக்கவில்லை. பிறகு முற்றிய யுத்தம், இடப்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம். எல்லோருக்கும் நடந்தது எனக்கும் நடந்தது. கடைசிப் பத்து வருடமும் கிளிநொச்சியில் வேலை. நகரமும் அதைச் சுற்றியிருந்த கொலனிகளும் என் பிரிவு. ஒரு ஸ்கூட்டியும் ஒரு தொப்பியும் கொண்டு அவ்வளவையும் பார்த்தேன்.

அந்தக் கொலனிகளில் ஒன்று, நீர்ப்பாசன வாய்க்கால் ஒன்றுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் நெருங்கிப்போய்க் கிடந்தது. நாற்பது வீடு இருக்கும். பெரும்பாலும் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். மற்றவர்களின் காணிகளில் காடு வெட்டியவர்கள், மற்றவர்களின் தோட்டங்களில் மிளகாய் பிடுங்குகிறவர்கள். தாங்கள் இருக்கிற துண்டுக்குக் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ ஒருவரிடமும் கிடையாது.

எங்கள் மாவட்டத்தில் விளைகிற கத்தரிக்காயையும் பயித்தங்காயையும் பிடுங்கிப் பெட்டியில் அடுக்கி லொறியில் ஏற்றுகிறவர்கள் இவர்கள்தான். லொறி தெற்கே மொத்தச் சந்தைக்குப் போகும். அங்கே விலை பேசியபின், அதில் ஒரு பங்கு அதே வீதியால் திரும்பி வந்து கிளிநொச்சிச் சந்தையில் இறங்கும். இவ்வளவு தூரம் ஊர் சுற்றிப்பார்த்து வருகிற கத்தரிக்காய்க்குக் கொலனிவரை வரத் தெம்பு இருப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருகிற மரக்கறி வியாபாரி, நகரத்து நல்ல தெருக்களை எல்லாம் முடித்துக்கொண்டு கடைசியாகத்தான் அங்கே வருவார். அப்போது பெட்டியில் கிடப்பது முற்றல் வெண்டிக்காயும் நசிந்த தக்காளியும். கொலனிக் கடையில் பிஸ்கற், நூடில்ஸ், மீன் டின், உருளைக்கிழங்கு எப்போதும் இருக்கும். பச்சையாக அங்கே இருந்தது சோடாப் போத்தல் ஒன்றுதான்.

எரிபொருளுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற அந்த நெருக்கடி வருடத்தில், அந்தப் பகுதிக் குடும்பநல மாது எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன். இருக்காமலே கதைத்தார்.

"தவமலர் அக்கா, என்ர கிளினிக்குக்கு அந்தக் கொலனியில இருந்து வாற கர்ப்பிணிப் பிள்ளையளில கனபேருக்கு இரத்தம் காணாது. இரும்புக் குளிசை குடுக்கிறன். கீரை சாப்பிடுங்கோ எண்டு சொல்லுறன். 'எங்க மிஸ் இருக்கு கீரை?' எண்டு கேக்குதுகள். அதுக்கு என்னட்டக் குளிசை இல்லை."

"நான் என்ன செய்யவேணும்?"

"நீங்கள்தானே விவசாயம்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

அதே மாதம் எங்களுக்கும் சுற்றறிக்கை வந்திருந்தது. வீட்டுக்கு வீடு தோட்டம் செய்விக்க வேண்டும். விதைப் பொதிகளும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. திறந்து பார்த்தேன். கோவா, கரட், லீக்ஸ், பீற்றூட். கிளிநொச்சி வெயிலில் லீக்ஸ். அனுப்பியவர் எந்தக் குளிரில் இருந்துகொண்டு அனுப்பினாரோ தெரியாது.

எங்கள் உதவிப் பணிப்பாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நடேசபிள்ளை சேர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கோப்புகளில் பென்சிலால்தான் எழுதுவார். மேசையில் கூராகச் சீவிய பென்சில் மூன்று வரிசையாகக் கிடக்கும், பக்கத்தில் அழிறப்பர். எந்தக் கோப்பை வைத்தாலும் ஓரத்தில் சின்ன எழுத்தில் "கதைக்கவும்" என்று எழுதித் திருப்பிவிடுவார். போய்க் கதைத்தால் "பாப்பம்" என்பார். அவர் பார்த்து முடிப்பதற்குள் போகம் முடிந்துவிடும். எடுத்த காரியம் சரிவந்தால் பென்சில் எழுத்தின் மேலே பேனாவால் எழுதுவார். பிழைத்தால் அழித்துவிடுவார். அவருடைய நீண்ட சேவையில் ஒரு பிழையாவது விட்டதற்கு எந்தக் கோப்பிலும் ஆதாரம் இல்லை. ஆனால் ஒருவரையும் அதட்டிப் பேசியதில்லை, லீவு விண்ணப்பத்துக்கு மட்டும் உடனே பேனாவை எடுப்பார். அதனால் அவரைப் பிடிக்காதவர்களும் அலுவலகத்தில் இருக்கவில்லை.

வீட்டுத்தோட்டப் படிவத்தில் நான்காவது கேள்வி: காணி அனுமதிப்பத்திர இலக்கம். அதை நிரப்பாவிட்டால் விதையும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. நான் கோப்பைக் கொண்டுபோய் முன்னால் நின்றேன்.

"சேர், அந்தக் கொலனியில ஒருத்தருக்கும் பெர்மிற் இல்லை."

"அப்ப காணி இல்லை."

"காணி கிடக்கு சேர். பெர்மிற்தான் இல்லை."

"தவமலர், பெர்மிற் இல்லாத காணி எங்களுக்குக் காணியில்லை." கோபமில்லாமல், மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

திரும்பி வந்து இரண்டு நாள் யோசித்தேன். மறுபடி போனேன். "சேர், காணியில்லாமலே செய்தால் என்ன? வெறும் உரப்பையில மண் போட்டுக் கீரை வைக்கலாம்."

அவர் சுழல்கிற மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "பை எண்டால் நிலம் இல்லைத்தானே?"

"இல்லை சேர். தூக்கி வேற இடத்தில வைக்கலாம்."

நான்காவது கேள்விக்கு எதிரே பென்சிலால் "பொருந்தாது" என்று எழுதினார். எழுதிவிட்டு, "படம் எடுங்கோ. பெரிய ஆக்கள் படம்தான் கேக்கினம்" என்றார்.

கொலனியில் நான் முதலில் போன வீடு பாக்கியத்தினுடையது. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, உரத்த குரல். குடும்பநல மாது சொன்ன கர்ப்பிணிகளில் ஒருத்தி இவருடைய மகள் செல்வி. நான் விதைப் பொதிகளை நீட்டினேன். பாக்கியம் கோவாப் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மிஸ், எங்கப்பா கோவா விளையிற ஊர்ல இருந்து வந்தவரு. குளிர் பட்டாத்தான் அது உருளும். இங்க போட்டா எல விரிச்சிக்கிட்டு நிக்கும், உருளாது."

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சுமா கொண்டாந்தீங்க?"

 அந்தப் பொதிகளை அலுவலக அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். படிவத்தில் "விநியோகிக்கப்பட்டது" என்று எழுதினேன். பசளிக்கீரைத் தண்டு, தண்டுக்கீரை விதை, வல்லாரை, கத்தரி நாற்று, மிளகாய் நாற்று எல்லாவற்றையும் உடையார்கட்டுப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த கமக்காரர்களிடம் கேட்டு வாங்கி ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வந்தேன். அவற்றுக்குப் படிவம் இருக்கவில்லை.

பை நிரப்புவது பார்க்கச் சின்ன வேலைபோல இருக்கும். பிழையாகச் செய்தால் ஒரு மாதத்தில் நடுவிலிருந்து அழுகும். முதலில் பையின் வாயை வெளிப்புறமாக இரண்டு மடிப்பு மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயில் பட்டு நார் நாராகக் கிழியும். அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைத் துண்டுகள். மேல்மண் இரண்டு பங்கு, காய்ந்த மாட்டெரு ஒரு பங்கு, கரியாக்கிய உமி ஒரு பங்கு. இரண்டு பக்கமும் வெட்டிய பால்மா டின் ஒன்றைப் பையின் நடுவில் நிறுத்தி, டின்னுக்குள் சல்லிக்கல்லும் சுற்றிவர மண்ணும் போட வேண்டும். மண் டின்னின் வாய்க்கு வந்ததும் டின்னை மெதுவாக மேலே இழுத்து மறுபடி நிரப்ப வேண்டும். இப்படியே மேலே வந்தால் பையின் நடுவில் கல்லால் ஒரு தூண் எழும்பும். அரிசி கழுவிய தண்ணீரை அந்தத் தூணில் ஊற்றினால் அடிவரை இறங்கும். பையின் பக்கங்களில் கத்தியால் கீறி, கீறலுக்குள் கீரை நட வேண்டும். மேலே ஒரு கத்தரி அல்லது இரண்டு மிளகாய். ஒரு குடும்பத்துக்கு ஐந்து பை இருந்தால் கிழமையில் நாலு நாள் கறிக்குப் பச்சை வரும்.

பதினேழு வீட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். அங்கேதான் நான் என் பிழையை விட்டேன். வீடுகளுக்கு இடையே ஒரு சைக்கிள் போகிற இடம்தான் இருந்தது, வெயிலும் விழாது. வாய்க்கால் கரையோ நீளமாக, வெளிச்சமாகக் கிடந்தது. "கரையில வரிசையா வையுங்கோ" என்று சொன்னேன். பாக்கியம் மட்டும் தயங்கினார்.

"அது கவர்மெண்டு எடம் மிஸ்."

"பைதானே பாக்கியம். ஆர் கேட்டாலும் தூக்கலாம்."

"நீங்க சொன்னா சரிதான்" என்றார். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் கரை பச்சையாகிவிட்டது. குடும்பநல மாது வீதியில் கண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். "அக்கா, செல்விக்கு இரத்தம் கூடியிருக்கு. இன்னும் ரெண்டு பேருக்கும் பரவாயில்லை" என்றார். செல்விக்கு ஏழு மாதம். கீரை அவளுக்குப் பிடிக்காது என்றும், தாய் பக்கத்தில் நின்று சோற்றுக் கோப்பை வெறுமையாகும்வரை பார்க்கிறார் என்றும் சொன்னார். நான் ஸ்கூட்டியில் பாட்டுப் பாடாத குறையாக அலுவலகம் போனேன்.

படம் எடுக்க வேண்டிய நாளும் வந்தது. பெண்கள் எல்லோரும் நல்ல சட்டை உடுத்து, பைகளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். அன்றைக்கு நடேசபிள்ளை சேரும் ஜீப்பில் வந்திருந்தார். இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, "பின்னால வாய்க்கால் தெரியிற மாதிரி எடுங்கோ. தண்ணி தெரிஞ்சால் வடிவு" என்றார். நானும் வடிவாகவே எடுத்தேன். தண்ணீர் தெரிந்தது. கரை தெரிந்தது. கரையில் நட்டிருந்த எல்லைக்கல்லும் தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெருப்பித்து ஒரு கண்காட்சி வாசலில் வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனார்கள். அவர்களில் வாய்க்கால்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவரும் இருந்திருக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, அந்தக் கொலனியின் தோட்டம் சிறந்த நகர்ப்புறத் தோட்டத்துக்கான பரிசுக்குத் தெரிவாகியிருப்பதாகவும், மூன்று கிழமையில் கொழும்பிலிருந்து ஒரு குழு நேரில் பார்வையிட வரும் என்றும் சொன்னது. நீர்ப்பாசன அலுவலகம் அனுப்பிய மற்றது, வாய்க்கால் ஒதுக்கீட்டில் அத்துமீறிச் செய்யப்பட்டுள்ள பயிர்ச்செய்கையையும் "அதனோடு தொடர்புடைய கட்டுமானங்களையும்" பதினான்கு நாளில் அகற்ற வேண்டும் என்றது. அத்துமீறலுக்கு ஆதாரமாக நான் எடுத்த படத்தை இணைத்திருந்தார்கள். இரண்டு கடிதத்தையும் ஒரே கிளிப்பில் போட்டுத் தந்திருந்தார் எங்கள் எழுதுவினைஞர். விடயம் ஒன்றுதானே என்று நினைத்திருப்பார்.

அன்று பின்னேரம் கொலனிக்குப் போனேன். என் உத்தியோகத்தில் அதைவிட நீளமான பாதையில் நான் ஸ்கூட்டி ஓடவில்லை, ஓடியது மூன்று கிலோமீற்றர்தான். பெண்கள் பாக்கியத்தின் வாசலில் கூடினார்கள். இரண்டாவது கடிதத்தை மட்டும் வாசித்தேன். "கட்டுமானம்" என்ற சொல் வந்ததும் சிலர் தங்கள் வீடுகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாக்கியம்தான் கேட்டார். "கட்டுமானம்னா என்னா மிஸ்? பைய சொல்றாங்களா, வீட்ட சொல்றாங்களா?"

"வடிவாத் தெரியேல்லை" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. வாய்க்காலுக்குக் கிட்ட இருந்த ஆறு வீட்டில் சமைக்கிற குசினிகள் எல்லைக்கல்லைத் தாண்டி வாய்க்கால் பக்கம்தான் இருந்தன. பாக்கியத்தின் குசினியும் அதில் ஒன்று. இத்தனை வருடமும் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்த குசினிகள்.

"நாங்க இங்க இருக்கிறது யாருக்கும் தெரியாம இருந்திச்சி" என்றார் பாக்கியம். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "படம் எடுக்கிறப்ப நாங்க சிரிச்சோமே மிஸ்."

செல்வி கதவோரம் வயிற்றில் கைவைத்துக்கொண்டு நின்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். யாரோ ஒருத்தி எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டாள். அந்தக் கதிரையில் இருக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே சேரின் அறைக்குப் போனேன். இரண்டு கடிதத்தையும் முன்னால் வைத்தேன். அவர் முதலில் பரிசுக் கடிதத்தை வாசித்துச் சிரித்தார். பிறகு மற்றதை வாசித்தார். பென்சிலை எடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"சேர், இதில 'கதைக்கவும்' எண்டு எழுதாதேங்கோ. கதைக்கத்தான் வந்து நிக்கிறன்."

அவர் பென்சிலை வைத்துவிட்டார்.

"என்ன செய்யலாம் எண்டுறீங்கள்?"

"பையளைத் தூக்கினால் அத்துமீறல் முடிஞ்சுது. அகற்றியாச்சு எண்டு நாங்களே பதில் எழுதலாம். அவையள் வந்து பாத்தால் கரை வெறுங்கரையா இருக்கும். குசினியளைப் பாக்க வரத் தேவையில்லை."

"தூக்கி எங்க வைக்கிறது? மூண்டு கிழமையில கொழும்பால வருகினம். தோட்டம் எங்க எண்டு கேட்டால் நான் எதைக் காட்டுறது?"

அதை நான் முதல் நாளே யோசித்திருந்தேன். யன்னலால் எங்கள் அலுவலக வளவைப் பார்த்தேன். சல்லி பரவிய வெறும் வளவு. நடுவில் "வீட்டுக்கு வீடு பசுமை" என்று பெரிய பலகை. பலகையின் நிழலில் புல்லுக்கூட முளைத்திருக்கவில்லை.

"இங்க வைக்கலாம் சேர்."

அவரும் கதிரையைத் திருப்பி யன்னலால் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பென்சனுக்கு இன்னும் எட்டு மாதம் கிடக்கு, தவமலர்."

"தெரியும் சேர்."

"ஆறு குசினியெண்டோ சொன்னீங்கள்?"

"ஓம் சேர். ஒரு பிள்ளைக்கு வாற மாதம் பிரசவம்."

அவர் மேசை லாச்சியைத் திறந்தார். பேனாவை எடுத்தார். கோப்பின் ஓரத்தில் அல்ல, நடுவில் எழுதினார்: "காட்சிப்படுத்தலுக்காக அலுவலக வளவுக்கு இடமாற்றப்படுகின்றது. பராமரிப்பு: உரிய பயனாளிகள். தற்காலிகமானது." கையொப்பமும் போட்டார். "தற்காலிகம்" என்ற சொல்லின் கீழ் மட்டும் ஒரு கோடு கீறினார், பழக்கத்தை அப்படி ஒரேயடியாக விட முடியாதுதானே.

பைகளைக் கொண்டுவர இரண்டு நாள் எடுத்தது. ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், நாலைந்து சைக்கிள், ஒரு தள்ளுவண்டி. நிறைந்த பையை இரண்டு பேர் தூக்க வேண்டும். கரையில் வைத்துத் தூக்கும்போதே கொஞ்சம் கிழிந்து கொட்டின. கத்தரி காய்த்து நின்ற ஒரு பை ரோட்டில் விழுந்து வெடித்தபோது, அதை வளர்த்த பெண் நடு வீதியில் குந்தியிருந்து காய்களைப் பொறுக்கினாள். பின்னால் வந்த பஸ் கோர்ன் அடிக்காமல் நின்றது. எங்கள் காவலாளி வளவில் தண்ணீர்க் குழாய்க்குக் கிட்ட வரிசையாக இடம் காட்டினார்.

அடுத்த நாள் காலை ஒரு சிக்கல். அலுவலகத்துக்கு வருகிற வெளியாட்கள் எல்லோரும் வாசலில் உள்ள புத்தகத்தில் பெயர், நேரம், வந்த நோக்கம் எழுத வேண்டும். காவலாளி ஒழுங்கான மனிதர், விடமாட்டார். பெண்கள் எழுதினார்கள். நான் பின்னேரம் அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். விதைநெல் விண்ணப்பம், மானியப் படிவம், பூச்சித்தாக்கம் என்று வந்தவர்களுக்கு நடுவே பதினேழு வரிகள்: "வந்த நோக்கம்: கீரை பிடுங்க." "வெளியேறிய நேரம்" என்ற இடத்தில் சிலர் அன்றைக்குக் கறிக்கு எதைப் பிடுங்கினோம் என்றுகூட எழுதியிருந்தார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்களில் வந்த காரியம் அன்றைக்கே முடிந்து போனவர்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

குழு வந்தது. நாலு பேர், இரண்டு வாகனம். சேர் வாசலுக்கே போய் வரவேற்றார். வளவைச் சுற்றிக் காட்டினார். அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஓர் அரச அலுவலகம் தன் சொந்த வளவையே தோட்டமாக்கியிருப்பது நாட்டுக்கே முன்மாதிரி என்றார்கள். சேர் மறுக்கவில்லை. பயனாளிகள் என்று நான் இடையில் சொன்ன சொல் யாருடைய காதிலும் விழவில்லை.

பாக்கியம் அப்போது குனிந்து பசளி கிள்ளிக்கொண்டிருந்தார். குழுவின் தலைவர் அன்பாகக் கேட்டார்: "நீங்கள் இங்கேயா வேலை செய்கிறீர்கள் அம்மா?"

"இல்லீங்க ஐயா" என்றார் பாக்கியம். "கறிக்கு வந்தேன்."

அவர்கள் சிரித்தார்கள். நல்ல பகிடி என்று நினைத்திருப்பார்கள். சேர் தேத்தண்ணீருக்கு அழைத்துக்கொண்டு போனார். பரிசுக் கேடயம் அலுவலகத்தின் பெயரில் வந்தது. அது சேரின் பிரியாவிடை மேடையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்தபோது அவரும் என்னைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த எட்டு மாதமும் யார் என்ன கேட்டும், "தற்காலிகம்" என்று சொல்லி அந்தப் பைகளை ஒருவரும் அசைக்க அவர் விடவில்லை.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல நிறை என்றார் குடும்பநல மாது. குசினிகளைத் தேடி ஒருவரும் வரவில்லை. நாங்கள் அனுப்பிய "அகற்றப்பட்டது" என்ற பதில் நீர்ப்பாசன அலுவலகத்துக்குப் போதுமாக இருந்தது.

பிறகு வந்த உதவிப் பணிப்பாளர் சுறுசுறுப்பான மனிதர். வந்த கிழமையே வளவில் வாகனத் தரிப்பிடம் அமைக்கப் போவதாகச் சொன்னார். பைகளுக்கு ஒரு மாதத் தவணை கொடுத்தார். பெண்களிடம் சொன்னேன். இந்த முறை ஒருவரும் பதறவில்லை.

"நாங்க பாத்துக்கிறோம் மிஸ்" என்றார் பாக்கியம். "நீங்க ஒண்ணும் எழுதாதீங்க."

ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று பை குறைந்துகொண்டே வந்தது. மாதம் முடியும்போது வளவு வெறுமையாக இருந்தது. எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய கிழமை, பிரிவின் பொறுப்பை ஒப்படைக்க, எல்லாத் தோட்டங்களையும் ஒருமுறை பார்த்து அறிக்கை எழுத வேண்டியிருந்தது. கடைசியாக அந்தக் கொலனிக்குப் போனேன். ரோட்டில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே நடந்தேன். வாசற்படியில், குளிக்கிற மறைப்புக்குள், தகரக் கூரையின் தாழ்ந்த பக்கத்தில், இரண்டு சுவருக்கு இடையில் ஒருக்களித்துப் போகிற ஒழுங்கையில், எங்கும் பை. வெயில் எந்த நேரம் எந்தச் சுவரில் விழும் என்று கணக்குப் பார்த்து, காலையில் ஒரு இடமும் பின்னேரம் ஒரு இடமுமாக நகர்த்துகிறார்கள். கீழே சில்லுப் பூட்டிய பலகை. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தச் சுற்றறிக்கையிலும் வரவில்லை. வாய்க்கால் கரையில் எருக்கலை வளர்ந்து நின்றது. பதினேழு வீடு முப்பத்தொன்றாகியிருந்தது. மரக்கறி வியாபாரி இப்போதெல்லாம் கொலனிக்கு வந்து கீரை வாங்கிக்கொண்டுதான் நகரத்துக்குள் போகிறாராம்.

செல்வியின் மகள் பசளிக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். பாக்கியம் என் கையைப் பார்த்தார்.

"போன் எங்க மிஸ்?"

"ஸ்கூட்டிப் பெட்டிக்குள்ள."

"சரி. அப்ப சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

கீரைக்கடையலும் கத்தரிக்காய்க் குழம்பும் சோறும். கோப்பை வெறுமையாகும்வரை பக்கத்தில் நின்றார்.

அலுவலகம் திரும்பி அறிக்கையை எடுத்தேன். கொலனியின் பெயர். ஆரம்பித்த தோட்டங்கள்: பதினேழு. தற்போது இயங்குபவை: அந்தக் கட்டத்துக்கு முன்னால் வெகுநேரம் இருந்தேன். என் காலத்தில் காய்ந்த தோட்டங்களை இயங்குவதாக எழுதிய அறிக்கைகள் பல கண்டிருக்கிறேன், சிலவற்றில் என் கையொப்பமும் உண்டு. முப்பத்தொன்று என்று எழுதினால் யாராவது படம் எடுக்கப் போவார்கள். "இல்லை" என்று எழுதினேன்.

என் இடத்துக்கு வந்த பெண் பிள்ளை நல்ல கெட்டிக்காரி. அறிக்கையை முதலில் இருந்து கடைசிவரை வாசித்தாள். இப்படி வாசிக்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அந்தப் பக்கத்தில் நின்றாள்.

"மிஸ், இந்தக் கொலனியில ஒண்டுகூட மிஞ்சேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப அந்தப் பக்கம் போறதில பிரயோசனம் இல்லை என்ன?"

"இல்லை. உங்களுக்கு வேற இடங்கள் நிறையக் கிடக்கு."

அவளுக்கு முகம் வாடிப் போயிற்று. "எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்திருப்பியள் மிஸ். கவலைப்படாதேங்கோ, எல்லாருக்கும் எல்லாம் சரிவராதுதானே" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகக் கன்ரீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பிளேன்ரீயும் வாங்கித் தந்தாள். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு குடித்து முடித்தேன்.